எடைக்கு எடை கொழுந்து

இருபது வயதுப் பெண்ணிடம் அவள் எடையைக் கேட்பது மரியாதை இல்லை என்பார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் அந்த மரியாதை கிடையாது. குழாயடியில் குடத்தை இறக்கி வைப்பதற்கு முன்பே, இப்போது எத்தனை கிலோ என்று கேட்பார்கள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். முப்பத்தெட்டு என்று ஒருநாளும் நாற்பத்திரண்டு என்று மறுநாளும் சொல்லி அவர்களைக் குழப்பிவிட்டு வருவேன்.

இதற்கெல்லாம் காரணம் என் அம்மா தனலெட்சுமி. எனக்கு ஒன்றரை வயதில் நிமோனியா வந்து மூச்சுத் திணறி, அப்பா என்னைத் தோட்டத்து லொறியில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். அம்மா அப்போது மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். செய்தி வந்து சேர்ந்தபோது லொறி நோட்டன் பிரிட்ஜ் ஊரைத் தாண்டிவிட்டது. அம்மா நின்ற இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் ஆண்டிமலைக் குகை தெரியும். அந்தக் குகைக்குள் முருகன் வேலாக நிற்கிறார். குகைச்சாமி என்றுதான் சொல்வோம். அம்மா இரண்டு கையையும் தூக்கி, பிள்ளையைத் தந்துவிடு, அவள் எடைக்கு எடை கொழுந்து போடுகிறேன் என்று கத்தியிருக்கிறாள்.

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் தேங்காய் என்றிருப்பாள், வாழைப்பழம் என்றிருப்பாள். குகையில் பிள்ளைகளைத் தராசில் வைத்து எடைக்கு எடை காணிக்கை போடும் வழக்கம் எப்போதும் உண்டு. அரிசி போட்டவர்கள் இருக்கிறார்கள், வெல்லம் போட்டவர்கள் இருக்கிறார்கள். அம்மாவின் கையில் அந்த நேரம் இருந்தது கொழுந்து, வாயில் வந்ததும் கொழுந்து. காலையிலிருந்து மாலை வரை அதையே பிடித்துக்கொண்டிருந்ததால், அது தன்னுடையது இல்லை என்பது அவளுக்கு மறந்துபோயிற்று.

நான் பிழைத்தேன். அப்போது என் எடை ஏழரைக் கிலோ. அம்மாவுக்கு அது அரை நாள் கொழுந்து. கணக்கப்பிள்ளை வீரய்யாவிடம் போய், ஒருநாள் அரைப் பேரை, அதாவது அரை நாள் கூலியை, வெட்டிக்கொண்டு ஏழரைக் கிலோவைத் தரும்படி கெஞ்சியிருக்கிறாள். மடுவம் என்கிற கொழுந்துக் கொட்டகையில் நிறுத்துப் புத்தகத்தில் எழுதுகிறவர் அவர்தான். வெயில் காயும் நாளிலும் தண்ணீருக்கு என்று சொல்லி ஒவ்வொரு பெண்ணின் எடையிலும் இரண்டு கிலோ வெட்டுகிறவரும் அவர்தான். அவர் சொன்னது அம்மாவுக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

"செடியில இருந்தாலும் கம்பெனிக்கு, பறிச்சாலும் கம்பெனிக்கு. ஒனக்குச் சொந்தமில்லாதத நீ எப்படிம்மா சாமிக்குக் குடுப்ப?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்குப் பெரிய ஆத்திரம். பதிலாக வேறு எதையாவது போடு என்று அப்பா சொல்லிப் பார்த்தார். சாமியிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றை நீட்டுவது மடுவத்தில் செய்கிற வேலை, கோயிலில் செய்யக் கூடாது என்று அம்மா முடித்துவிட்டாள். அப்பா கொழும்பில் ஒரு பலசரக்குக் கடைக்கு வேலைக்குப் போனார், தீபாவளிக்குத் தீபாவளி வந்தார். நேர்த்திக்கடன் அப்படியே நின்றது. நான் மட்டும் நிற்காமல் வளர்ந்தேன்.

நேர்த்தியும் என்னோடு சேர்ந்து வளர்ந்தது. தோட்டத்துக் கிளினிக்கில் என்னை எடை போடும் நாட்களில் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளை கூடியிருக்கிறாள் என்று முதலில் மலரும். உடனே, இன்னும் ஒன்றரைக் கிலோவா என்று சுருங்கும். ஒரே முகத்தில் இரண்டும் நடக்கும். எனக்கு ஒன்பது வயதில், பக்கத்து வீட்டு நாகலெட்சுமி சித்தியிடம் அவள் பேசியது காதில் விழுந்தது. "இருவத்திரெண்டு கிலோ ஆயிட்டா நாகலெட்சுமி. இனி நான் எங்க போய் முட்டிக்கிறது?" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஒன்பது வயதுக்காரிக்குச் சிரிப்பு கேட்கவில்லை. அன்று இரவு ரொட்டியில் பாதியை வைத்துவிட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு எப்போதும் பாதியை வைத்துவிட்டு எழுந்தேன். எனக்கு நாக்கு நீளம், வீட்டுச் சாப்பாடு இறங்குவதில்லை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திட்டினாள்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. நேர்த்தி முடியும்வரை நான் மலை இறங்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஹட்டனுக்குப் போகலாம், நுவரெலியாவுக்குப் போகலாம். அதற்கு அப்பால் தங்கிப் படிக்கவோ வேலை செய்யவோ கூடாது. சாமி கடனாகத் தந்த பிள்ளை, சாமியின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். போன வருடம் கொழும்பில் ஒரு மருந்துக் கடையில் வேலை வந்தது. அம்மா விடவில்லை. நான் மூன்று நாள் அவளோடு பேசவில்லை, அவளும் என்னைக் கெஞ்சவில்லை. இந்த வருடம் மே மாதத்தில் தாதியர் பயிற்சிக்குக் கடிதம் வந்தது. மட்டக்களப்பு. வரும் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். கடிதத்தை வாசித்துக் காட்டியபோது அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகுழலை வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குகைக்குப் போகிறோம் என்றாள்.

அவளால் அப்படிச் சொல்ல முடிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனி, காடாகிப் போன மலைகளைப் பிரித்து, குடும்பத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் தேயிலைச் செடி என்று பராமரிக்கக் கொடுத்தது. கொழுந்து குடும்பத்துக்குச் சொந்தம், தொழிற்சாலைக்கே விற்க வேண்டும். நல்ல மலைகளுக்கு மற்றவர்கள் அடித்துக்கொண்டார்கள். அம்மா யாரும் கேட்காத, ஆண்டிமலை அடிவாரத்துக் கல் மலையைக் கேட்டு வாங்கினாள். மண்டிக் கிடந்த மானாப்புல்லை வெட்டி, முற்றிய கிளைகளைச் சீவிக் கவ்வாத்துப் பண்ணி, ஒவ்வொரு செடியையும் கைக்குழந்தையைப் போலப் பார்த்தாள். ஏன் இந்தப் பாடு என்று கேட்டபோதெல்லாம் அடுத்த செடிக்கு நகர்ந்தாள். கடிதம் வந்த அன்றுதான் எனக்கு விளங்கியது.

மருத்துவச் சான்றிதழுக்காக வெள்ளிக்கிழமை எடுத்த எடை நாற்பத்தைந்து கிலோ. கொழுந்து பாதையில் வாடி எடை இறங்கும் என்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன, நாற்பத்தேழு கிலோ என்று முடிவு செய்தாள். ஞாயிறு விடிந்ததும் நாகலெட்சுமி சித்தி உட்பட ஏழு பெண்கள் கூடை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வாரம் முழுக்கப் பறித்துவிட்டு, ஓய்வு நாளிலும் பறிக்க வந்தார்கள். யாரும் கூலிக்குப் பேர் கேட்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு கொழுந்தைக்கூடத் தொட அனுமதி இல்லை. நிறுக்கப்படுகிறவள் பறிக்கக் கூடாதாம். வரப்பில் குந்தியிருந்து, எட்டுப் பெண்கள் எனக்காகக் குனிந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு இலை ஒரு மொட்டு, முற்றல் ஒன்றுகூட இல்லை. தோட்டத்துப் பெரிய துரை பார்த்திருந்தால் படம் பிடித்திருப்பார்.

பத்தரை மணிக்கு அந்த மலையில் பறிப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. கடையிலிருந்து வாங்கி வந்த தொங்கு தராசில் நிறுத்தபோது நாற்பத்தேழு கிலோ சரியாக நின்றது. சாக்குகளில் பிரித்துக் கட்டி, கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டி ஏறத் தொடங்கினோம். சாமியைப் பார்த்துவிட்டு மறுநாள் கொழுந்து தொழிற்சாலைக்கு வந்தால் போதும் என்று கம்பெனியின் வெளிக்கள உத்தியோகத்தர் ஒத்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் வெறுங்கையோடு நடுவில் நடந்தேன். கல்யாணப் பெண்ணா, வெட்டக் கொண்டுபோகிற ஆடா என்று எனக்கே தெரியவில்லை என்று முணுமுணுத்தேன். சித்தி இரண்டாவதுதான் என்றாள்.

முந்தின நாள் காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. அம்மாவிடம் விரதம் என்று சொல்லியிருந்தேன். உண்மையில் நான் கிலோக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தைந்தை நாற்பத்துமூன்றாகக் கொண்டுவந்துவிட்டால் எந்தத் தராசும் என்னைக் கவிழ்க்க முடியாது என்று ஒரு தைரியம். இருபது மாதமாக அவள் வளர்த்த கொழுந்து, ஒரு கிலோ குறைந்தால் என் பயிற்சியும் போய் அவள் மனசும் போய்விடும் என்று பயமாகவும் இருந்தது. செங்குத்தான பாதை, அட்டை கடிக்காமலிருக்கக் காலில் தேய்த்த சவர்க்கார வாசனை, மேலே நல்ல வெயில். பாதி மலையில் ஓடை குறுக்கே வரும் இடத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கல்லைப் பிடிக்கப் போனவள் ஓடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். முகத்தில் தண்ணீர் அடித்தாள். எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டாள். நான் மழுப்பினேன். அவள் விடவில்லை. தலை சுற்றுகிறபோது பொய் சொல்லத் தெம்பு வராது போலிருக்கிறது. விரதமும் இல்லை ஒன்றும் இல்லை, எடை குறைக்கத்தான் என்று சொன்னேன். சொல்லத் தொடங்கியதும் நிற்கவில்லை, ஒன்பது வயதில் கேட்ட இருபத்திரண்டு கிலோ, வைத்துவிட்டு எழுந்த பாதி ரொட்டிகள், எல்லாம் வந்துவிட்டன. சுற்றி நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அம்மா என்னை அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் சேலை முடிச்சில் கட்டியிருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்தாள். தேங்காய் ரொட்டி நாலு, மிளகாய் இடித்த கட்டசம்பல். நாங்கள் இருவரும் இறங்கும்போது சாப்பிடவென்று கொண்டுவந்தது. ஒன்றைப் பிய்த்து என் வாயில் வைத்தாள்.

"தராசுல ஏறுனதுக்கு அப்புறம் சாப்புடுறேம்மா," என்றேன்.

"இப்ப சாப்புடு. நாலையும் சாப்புடு. கொழுந்து கொறஞ்சா கொறையட்டும். நீ கொறையக் கூடாது."

நாலையும் சாப்பிட்டேன். அம்மா ஊட்ட ஊட்டச் சாப்பிட்டேன், ஓடைத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தேன். அழுதுகொண்டே தின்றதில் கட்டசம்பல் உறைப்பு மூக்கில் ஏறி, அழுகைக்கும் உறைப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. அப்படி ஒரு ருசியை நான் அதற்குமுன் கண்டதில்லை. அம்மா முந்தானையால் என் தலையைத் துவட்டினாள்.

ஓடைக்கு மேலே மரம் கிடையாது, மொட்டைப் பாறை. முக்கால் மணி நேரம் வெயில் தலையில் இறங்கியது. சாக்குக்குள் கொழுந்து சூடேறி வாடும் வாசனை வந்தது. அந்த வாசனையை முகர்ந்ததும் அம்மா வேகமாக நடக்கத் தொடங்கினாள்.

குகை என்றால் இருட்டுப் பொந்து இல்லை. கூரைபோல முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும் பெரிய பாறை, அதற்கடியில் நாற்பது பேர் நிற்கலாம். உள்ளே போகப் போகக் குனிய வேண்டும், குனிந்து முடிந்த இடத்தில் வேல். கீழே நோட்டன் அணைக்கட்டுத் தண்ணீர் தகரத் துண்டுபோல மின்னும். வாசலில் பாறையில் அடித்த இரும்பு வளையத்தில் தராசு தொங்குகிறது, சங்கிலி கட்டிய இரண்டு பலகைகள். தராசுக்குப் பக்கத்தில், நெற்றி நிறைய விபூதியோடு, வீரய்யா.

ஓய்வுபெற்ற பிறகு கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர்தான் எடுத்துக்கொண்டார் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அம்மாவின் முகம் இறுகியது. கொழுந்துச் சாக்கும் தராசும் வீரய்யாவும், மடுவத்துக்கு இங்கே என்ன குறை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இது பால் குடிக்கிற பிள்ளைகளுக்குப் போட்ட தராசு, வளையம் தாங்குமோ தெரியாது என்றார். தாங்காவிட்டால் விழுகிறது நான்தானே என்றேன். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, என்னைப் பலகையில் உட்கார வைத்தார்.

என் பக்கம் பொத்தென்று இறங்கி, கால் தரையில் ஊன்றியது. எதிர்ப் பலகையில் சாக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். கடைசிச் சாக்கும் ஏறியது. பலகை அசைந்தது, இறங்கவில்லை. என் கால் தரையிலேயே இருந்தது.

வாடிய கொழுந்து ஒரு பக்கம், நாலு ரொட்டியும் ஓடைத் தண்ணீரும் மறு பக்கம். ஒன்றரைக் கிலோவாவது குறையும் என்று வீரய்யா தராசைப் பார்த்தே சொன்னார். அதில் அவர் தவறமாட்டார். சித்தி தன் வெற்றிலைப் பையை வைக்கப் போனாள். ஒருத்தி தேங்காயை எடுத்தாள். அம்மா தடுத்துவிட்டாள். கொழுந்து என்று சொன்னேன், கொழுந்துதான் என்றாள். இறங்கிப் போய்ப் பறித்து வரலாம் என்றால் மலையில் இனி ஒரு மொட்டு இல்லை. அடுத்த சுற்றுக் கொழுந்துக்கு ஒரு வாரம் ஆகும். செவ்வாய்க்கிழமை அதற்கு முன்பே வந்துவிடும்.

அம்மா தரையில் குந்திவிட்டாள். என் அம்மா இப்படி ஓய்ந்து குந்தி நான் பார்த்ததில்லை, அவள் எப்போதும் நின்றுகொண்டே இருக்கிறவள். எனக்கு உள்ளே சாமியாக நிற்கும் அந்த வேலைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. பதினெட்டு வருடம் காத்திருந்த சாமிக்கு ஒன்றரைக் கிலோ பெரிதா என்று கேட்டேன். வாய்க்குள்தான் கேட்டேன்.

அப்போது மழை பிடித்தது. மே மாத மழை, சொல்லிக்கொண்டு வருவதில்லை. பாறைக் கூரையின் விரிசலில் தண்ணீர் சேர்ந்து, வாசல் ஓரமாக ஒழுகத் தொடங்கியது. முதலில் சொட்டு, பிறகு விரல் தடிப்பில் ஒரு கம்பி. அது நேராகக் கொழுந்துச் சாக்குகளின் மேல் விழுந்தது. என் பலகை லேசாக ஆடியது.

வீரய்யா சட்டென்று எழுந்தார். முப்பது வருடப் பழக்கம், அவர் யோசித்திருக்க மாட்டார். "கொழுந்து நனையுது, தண்ணிக்கு வெட்டணும்," என்று சொல்லி, மூலையில் கிடந்த இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்து என் பலகையில், என் மடிக்குப் பக்கத்தில், வைத்துவிட்டார்.

அம்மா எழுந்தாள். சத்தம் போடவில்லை.

"மடுவத்துல வெட்டுனீங்க, நான் வாயத் தொறக்கல. காஞ்ச நாள்லயும் வெட்டுனீங்க, தொறக்கல. அது கம்பெனி கொழுந்துன்னு போனேன். இது என் கொழுந்து. நான் புல்லு வெட்டி, நான் கவ்வாத்துப் பண்ணி, நான் வளத்தது. இதுல விழுற தண்ணியும் எனக்குத்தான். கல்ல எடுங்க."

வீரய்யா கல்லைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அது அங்கே எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாததுபோல இருந்தது. எனக்கு அந்த மனிதரின்மேல் முதல்முறையாகப் பரிதாபம் வந்தது. எத்தனை ஆயிரம் தடவை வெட்டியிருந்தால் கை தானாக அப்படிப் போகும்.

சித்திக்கு வாயைக் கட்டி வைக்கத் தெரியாது. பிள்ளை ஓடையில் குடித்த தண்ணீரை மட்டும் எதற்காக நிறுக்கிறீர்கள், அதற்கும் வெட்டுங்களேன் என்றாள். ஓடையில் நடந்ததை, நான் சொன்னதை, நாலு ரொட்டியை, எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்துவிட்டாள். வெட்கத்தில் நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

வீரய்யா குனிந்து கல்லை எடுத்தார். அதைக் குகைக்கு வெளியே, மழைக்குள், புல்லில் கொண்டுபோய் வைத்துவிட்டு நனைந்தபடி திரும்பி வந்தார்.

"புள்ள குடிச்ச தண்ணிக்கு நான் வெட்டல. கொழுந்து குடிக்கிற தண்ணிக்கும் வெட்டல," என்றார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "சாக்க அவுத்து விடுங்க, தனலெட்சுமி. நல்லா நனையட்டும்," என்றார்.

அம்மாவிடம் அவர் மரியாதையாக, பன்மையில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மாவும் அதைக் கேட்டாள். பெண்கள் சாக்கு வாய்களை அவிழ்த்து, பலகையிலேயே கொழுந்தை ஒழுக்குக்கு நேரே விரித்துவிட்டார்கள். வாடிக் கிடந்த இலைகள் தண்ணீர் பட்டு ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. எல்லோரும் சுற்றிக் குந்திக் காத்திருந்தோம். சித்தி வெற்றிலை மடித்து வீரய்யாவுக்கும் ஒன்று கொடுத்தாள். நான் பலகையில் இருந்தபடி, இது சரிதானா, சாமியை ஏமாற்றுகிறோமா என்று அம்மாவிடம் கேட்டேன். சாமி வீட்டுக் கூரையிலிருந்து சாமி விடுகிற தண்ணீர், நானா ஊற்றினேன் என்று கேட்டாள். எனக்கு அதற்குமேல் சந்தேகம் வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சங்கிலி ஒருமுறை கிறீச்சிட்டது. கொழுந்துப் பலகை மெதுவாகக் கீழே போனது. முதலில் என் குதிகால் தரையை விட்டது, பிறகு பாதம், கடைசியாகப் பெருவிரல். என்னை, நாலு ரொட்டியோடும் ஓடைத் தண்ணீரோடும், இருபது வருடத்தில் நான் சேர்த்த அத்தனை கிலோவோடும், என் அம்மாவின் கொழுந்து தூக்கி வைத்திருந்தது. யாரோ அரோகரா என்றார்கள்.

அம்மா மட்டும் நம்பவில்லை. மடுவத்தில் ஏமாந்து பழகியவள் அல்லவா. என் முன்னால் முழங்காலிட்டு, என் பாதங்களுக்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டாள். கறை படிந்து வெடித்த அந்தக் கை, ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம், எதிலும் முட்டாமல் போய் வந்தது. அப்புறம்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் முகம் மலர்ந்தது, சுருங்கவில்லை.

"எறங்கு புள்ள," என்றாள். "ஒன் உடுப்ப அடுக்கணும். செவ்வாக்கெழம எட்டு மணிக்கு அங்க நிக்கணுமில்ல."